பித்தப்பை அறுவை சிகிச்சையும் வாந்தி குறித்த பேரச்சமும்

பித்தப்பையில் கற்கள் இருப்பதால் லேப்ராஸ்கோபி என்ற சிறுதுளை முறையில் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றும், ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே வாந்தி என்றால் அளவு கடந்த அச்சம் இருப்பதால் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டதாகவும் 36 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். வயிற்றைக் கிழிப்பதோ வலியோ தனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, கண் விழித்ததும் குமட்டுமே என்ற எண்ணம்தான் தூங்கவிடாமல் செய்கிறது என்கிறார். அறுவை மருத்துவரிடம் சொன்னபோது "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாராம். இப்படிப் பயப்படுவதாலேயே வாந்தி வந்துவிடுமா, வராமல் தடுக்க வழி இருக்கிறதா, வந்துவிட்டால் எப்படித் தாங்குவது என்பவை அவருடைய கேள்விகள். அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் சொல்வது ஒரு விஷயம்தான், சகோதரி. வாந்தி குறித்த இந்தப் பேரச்சத்தை எமெட்டோஃபோபியா என்று மனநல மருத்துவத்தில் சொல்கிறார்கள். உயரத்தையும் நாயையும் கண்டு ஒடுங்குவதைப் போல இதுவும் ஒரு குறிப்பிட்ட பொருளைச் சுற்றி அமைந்த அச்சநோய்; பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும்; பெண்களிடம் அதிகம் காணப்படும். ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் பேருந்தில் ஏறாமல் இருப்பது, வெளியில் சாப்பிடத் தயங்குவது, பாக்கெட்டில் அச்சிட்ட தேதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, வீட்டில் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் அந்த அறைக்கே போகாமல் இருப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் அதன் வழக்கமான முகங்கள். பலர் கருத்தரிப்பதையே இதற்காகத் தள்ளிப்போடுகிறார்கள். அறுவைக்கு முன் நோயாளியைப் பார்க்கும்போது 'மயக்கம் தெளியாமல் போய்விடுமா', 'நடுவில் முழிப்பு வந்துவிடுமா' என்ற கேள்விகளை நாங்கள் எதிர்பார்க்கிறோம். வாந்தியைப் பற்றிய அச்சத்தை மட்டும் பலர் வெட்கப்பட்டு மறைத்துவிடுவதால், அதற்கான ஏற்பாட்டைச் செய்யும் வாய்ப்பும் எங்களிடமிருந்து நழுவிவிடுகிறது.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கு நிம்மதி தர வேண்டும். பயப்படுவதால் அறுவைக்குப் பிந்தைய வாந்தி வந்துவிடாது. அறுவைக்குப் பின் யாருக்குக் குமட்டல் வருகிறது என்று பல்லாயிரம் நோயாளிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். பதற்றம் அதில் சொல்லும்படியான பங்கு எதையும் வகிப்பதில்லை என்பதே முடிவு. 2020-ல் வெளியான பன்னாட்டு நிபுணர்களின் ஒருமித்த வழிகாட்டுதலும் பதற்றத்தை 'நிரூபிக்கப்படாத அல்லது நடைமுறையில் பொருட்படுத்தத் தேவையில்லாத' காரணங்களின் பக்கமே வைத்திருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களைப் போன்றவர்கள் வாந்திக்குப் பயப்படுவதோடு நிற்பதில்லை. 'நான் இப்படிப் பயப்படுகிறேனே, இதனாலேயே வந்துவிடுமே' என்று அந்தப் பயத்துக்கே இன்னொரு முறை பயப்படுகிறார்கள். அந்த இரண்டாவது சுமையை நீங்கள் இன்றே இறக்கி வைத்துவிடலாம். அறுவை அரங்குக்குள் நடுங்கிக்கொண்டே போனாலும், அமைதியாகப் போனாலும், அதற்குப் பிந்தைய குமட்டலின் கணக்கு வேறு இடத்தில் தீர்மானமாகிறது.

அந்தக் கணக்கை ஜெர்மானிய மயக்கவியல் மருத்துவர் கிறிஸ்டியன் அப்ஃபெல் 1999-ல் எளிமையாக்கித் தந்தார். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதவராக இருப்பது, பயணத்தில் வாந்தி வருபவராகவோ முன்பு ஓர் அறுவைக்குப் பின் வாந்தி எடுத்தவராகவோ இருப்பது, அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை வலிமருந்துகள் பெறுவது ஆகிய நான்கில் உங்களுக்கு எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணினால் போதும். ஒன்றுகூட இல்லாதவருக்கு 10 சதவீதம், ஒன்று இருந்தால் 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்கும் இருந்தால் 80 சதவீதம் என்று வாய்ப்பு ஏறத்தாழ உயர்ந்துகொண்டே போகிறது. இது தவிர 50 வயதுக்குக் குறைவாக இருப்பதும், பித்தப்பை அறுவை, லேப்ராஸ்கோபி, கருப்பை அறுவை போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பேருந்தில் குமட்டும், புகைப்பழக்கம் இல்லை என்று நீங்கள் சொல்வதால் உங்களுக்கு மூன்று நிச்சயம். வலிமருந்தைப் பொறுத்து நான்காவது. இதை மறைத்து ஆறுதல் சொல்வது உங்களுக்கு உதவாது என்பதால் சொல்கிறேன். ஆனால் இந்த எண்கள் எல்லாமே எந்தத் தடுப்பு மருந்தும் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கானவை. இவ்வளவு அபாயம் உள்ள ஒருவரைத் தடுப்பு மருந்து இல்லாமல் இன்று யாரும் அரங்குக்குள் கொண்டுபோகக் கூடாது.

குமட்டல் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொண்டால் தடுப்பு மருந்துகளின் பொருளும் விளங்கும். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், நான்காம் மூளை அறையின் தரையை ஒட்டி, இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று வேவு பார்க்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. மயக்க வாயுவும் மார்ஃபின் வகை மருந்துகளும் அதைத் தூண்டுகின்றன. குடலைத் தொட்டு நகர்த்தும்போது குடற்சுவரின் செல்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிட, அந்தச் செய்தி வேகஸ் நரம்பின் வழியாக மேலே போகிறது. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு, படுக்கையைத் திருப்பும்போதும் சட்டென்று எழுந்து உட்காரும்போதும் தன் பங்குக்கு ஒரு செய்தி அனுப்புகிறது; பயணத்தில் குமட்டுபவர்களுக்கு இந்த வழி மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கும். இப்படி வெவ்வேறு வாசல்கள் இருப்பதால் ஒரே மருந்தை அதிகமாகத் தருவதைக் காட்டிலும் வெவ்வேறு வாசல்களை அடைக்கும் மருந்துகளைச் சேர்த்துத் தருவதே பலன் தரும். ஈத்தரை முகரவைத்து மயக்கம் தந்த காலத்தில் அறுவை முடிந்தவர்களில் பெரும்பாலோர் வாந்தி எடுத்தார்கள். உங்கள் பாட்டி தலைமுறையினர் சொல்லும் கதைகள் அந்தக் காலத்தின் மிச்சம். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து 1980-களின் பிற்பகுதியிலும் ஒண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து 1990-களின் தொடக்கத்திலும் புழக்கத்துக்கு வந்தபின் நிலைமை அடியோடு மாறிவிட்டது.

இப்போது உங்களுக்கு என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். வாயுவைத் தவிர்த்து, புரோபோஃபால் என்ற பால்நிற மருந்தை இரத்தக்குழாய் வழியாகத் தொடர்ந்து செலுத்தியே முழு மயக்கத்தையும் நடத்த முடியும். எங்களுக்குள் இதை டீவா என்று சொல்லிக்கொள்வோம். மயக்கம் தந்த உடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 4 முதல் 8 மில்லிகிராம் கொடுத்துவிட்டால், மெதுவாக வேலை செய்யத் தொடங்கும் அது ஒரு நாள் வரை காக்கும். நீரிழிவு இருப்பவருக்குச் சர்க்கரை சற்று ஏறும் என்பதைத் தவிர ஒரே ஒரு ஊசியில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. அறுவை முடியும் தறுவாயில் ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம். எமிசெட் என்ற பெயரில் நீங்கள் அறிந்திருக்கக்கூடிய மருந்துதான், குடலிலிருந்து வரும் செரோடோனின் செய்தியை இடைமறிக்கிறது. இவற்றோடு அப்ரெபிடன்ட் என்ற மாத்திரையை அறுவைக்கு முன் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கக் கொடுக்கலாம். குமட்டலைக் காட்டிலும் வாந்தியைத் தடுப்பதில் அது வலுவானது என்பதால், வாந்தி என்ற செயலுக்கே அஞ்சும் ஒருவருக்கு அதைப் பற்றிக் கேட்பது பொருத்தம். எல்லா மருத்துவமனைகளிலும் கைவசம் இருக்காது, முன்கூட்டிச் சொன்னால் வரவழைக்கலாம். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால், அப்ரெபிடன்ட் அதன் பலனை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு 5000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2004-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று தெளிவான விடை தந்தது. ஒவ்வொரு தடுப்பு மருந்தும் எஞ்சியிருக்கும் அபாயத்தில் ஏறத்தாழ கால் பங்கைக் குறைக்கிறது. வாயுவுக்குப் பதில் புரோபோஃபால் தருவது ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது. 60 சதவீதத்தில் தொடங்கும் உங்களுக்கு மூன்று மருந்துகளும் புரோபோஃபாலும் சேர்ந்தால் அது 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அதாவது உங்களைப் போன்ற ஐவரில் நால்வருக்கு எதுவுமே இருக்காது. அந்த 20 சதவீதத்துக்குள்ளும் இலேசான குமட்டலோடு நின்று, கூடுதலாக ஓர் ஊசி போட்டதும் அடங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது காரணமான வலிமருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் குமட்டலுக்குப் பெரும்பாலும் கவனிக்கப்படாத காரணம் இதுதான். அறுவைக்குப் பின் வார்டில் வலி என்றதும் பல இடங்களில் டிராமடால் ஊசி போடுவது வழக்கம். நல்ல வலிமருந்துதான், ஆனால் குமட்டலை நன்றாகவே கிளப்பக்கூடியது. அரங்குக்குள் பார்த்துப் பார்த்துச் செய்த தடுப்பெல்லாம் வார்டில் வேகமாகப் போட்ட ஒரு டிராமடால் ஊசியில் வீணாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். லேப்ராஸ்கோபி அறுவையின் வலிக்குப் பாராசிட்டமாலும், சிறுநீரகமும் இரைப்பையும் நன்றாக இருந்தால் டைக்ளோஃபெனாக் போன்றதும், துளையிட்ட இடங்களில் மரத்துப்போகும் மருந்தும் சேர்ந்தாலே பெரும்பாலானோருக்குப் போதும். ஆகவே "முடிந்தவரை டிராமடால் வேண்டாம், வேறு மருந்துகளில் வலி அடங்காவிட்டால் மட்டும் பார்க்கலாம்" என்று கேளுங்கள். வலியையே பொறுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அடக்கப்படாத வலியும் குமட்டலைத் தரும். இன்னொன்று, மெட்டோகுளோபிரமைடு என்ற பழைய வாந்தி மருந்து சிலருக்கு, அதிலும் இளம் பெண்களுக்கு, கைகால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பைத் தரும். பதற்றம் உள்ளவருக்கு அந்தத் தவிப்பு பெரும் பீதியைப் போலவே தோன்றும். முன்பு அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அறுவை மருத்துவரிடம் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து டாக்டரிடம் 'ஃபிட்னஸ்' வாங்கி வரச் சொல்வார்களே, அந்தச் சந்திப்பே உங்களுக்கு முக்கியமானது. பெரும்பாலும் அது இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் இசிஜியையும் காட்டி ஒரு கையெழுத்து வாங்கும் சடங்காகக் கழிந்துவிடுகிறது. நீங்கள் அப்படிக் கழிய விடாதீர்கள். ஒரு தாளில் நான்கைந்து வரிகள் எழுதிக்கொண்டு போங்கள். 'எனக்குச் சிறுவயதிலிருந்து வாந்தி பற்றிக் கடுமையான அச்சம் இருக்கிறது, இதனால் இரண்டு முறை அறுவையைத் தள்ளிப்போட்டிருக்கிறேன், பேருந்தில் குமட்டும், புகைப்பழக்கம் இல்லை, எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடுப்பு மருந்துகளும் முடிந்தால் வாயு இல்லாத மயக்கமும் தர இயலுமா?' என்று எழுதினால் போதும். 'பயமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் 'எல்லோருக்கும் இருப்பதுதான்' என்ற பதில் வரும். 'இதனால் இரண்டு முறை தள்ளிப்போட்டேன்' என்றால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து பார்ப்பார். அந்தத் தாளைக் கேஸ் ஷீட்டோடு இணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபிட்னஸ் கொடுப்பவரும் அன்று மயக்கம் தருபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது சாதாரணம். உடல் எடைக்காகவோ சர்க்கரைக்காகவோ வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு போன்ற ஊசி எடுத்துக்கொள்பவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும்.

தேதியைத் தள்ளிப்போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். வலி தந்துகொண்டிருக்கும் பித்தப்பைக் கற்கள் பொறுமையாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு சிறு கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்தால் மஞ்சள் காமாலை, குழாயில் சீழ், கணைய அழற்சி என்று போகலாம். கணைய அழற்சியில் நாள்கணக்கில் நிற்காத வாந்தி இருக்கும். அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தால் வயிறு காலியாக இருக்காது, நிதானமாகத் திட்டமிட நேரமும் இருக்காது. நீங்கள் எதற்கு அஞ்சித் தள்ளிப்போடுகிறீர்களோ அதைக் கட்டுப்படுத்த மிகச் சிறந்த வாய்ப்பு, நாள் குறித்துச் செய்யும் அறுவையில்தான் இருக்கிறது.

அறுவைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தால் அச்சத்தையே நேராகக் கவனிக்கலாம். இதற்கு நல்ல பலன் தருவதாக அறியப்பட்ட வழி, எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை. அஞ்சும் பொருளைச் சிறு சிறு படிகளாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள்: முதலில் அந்தச் சொல்லை எழுதிப் பார்ப்பது, பிறகு ஒரு படம், பிறகு ஓர் ஒலி, பிறகு நாற்காலியில் சுழன்று வயிற்றில் இலேசான சங்கடத்தை வரவழைத்து அது தானாகவே தணிவதைக் கவனிப்பது என்று போகும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதைக் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். இரண்டு மூன்று வாரத்தில் அச்சம் அறவே போய்விடாது. போக வேண்டிய தேவையும் இல்லை. அரங்குக்குப் போகும் அளவுக்கு அது வழிவிட்டால் போதும்.

இந்த அச்சம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இரண்டு பழக்கங்களை மட்டும் இப்போதே குறைக்கப் பாருங்கள். ஒன்று, உறுதி கேட்பது. 'வராது இல்லையா, நிச்சயமா வராது இல்லையா' என்று கணவரிடமும் அக்காவிடமும் மருத்துவரிடமும் கேட்கும்போது கிடைக்கும் நிம்மதி ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு முன்னைவிடப் பெரிய உறுதி தேவைப்படும். நூறு சதவீத உறுதியை எந்த மருத்துவராலும் நேர்மையாகத் தர முடியாது. வீட்டாரிடம், "நான் கேட்டால் 'தெரியாது, ஆனால் அதற்கு வேண்டிய ஏற்பாடு எல்லாம் செய்திருக்கிறார்கள்' என்று மட்டும் சொல்லுங்கள்" என்று சொல்லி வையுங்கள். மற்றது, வயிற்றையே கவனித்துக்கொண்டிருப்பது. இடைவிடாமல் கவனித்தால் யாருடைய வயிற்றிலும் ஏதோ ஒன்று புரளத்தான் செய்யும். பதற்றத்தில் இரைப்பையின் அசைவு மந்தமாகும், அதை நீங்கள் குமட்டலின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள், பதற்றம் இன்னும் கூடுகிறது. வீட்டில் இருக்கும்போது வரும் இந்தக் குமட்டல் பதற்றத்தின் விளைவுதான், ஆனால் அது வாந்தியில் முடிவது அரிது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை 'வந்துவிடும்' என்று தோன்றியது, எத்தனை முறை உண்மையில் வந்தது என்று நீங்களே எண்ணிப் பார்த்தால் தெரியும்.

அறுவைக்கு முந்தைய நாளில் இந்த அச்சம் உள்ளவர்கள் வழக்கமாகச் செய்வது, 'வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வாந்தியும் இருக்காது' என்று இரண்டு நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுவது. இது வேண்டாம். பட்டினியும் நீர் வற்றுவதும் தலைசுற்றலையும் குமட்டலையும் கூட்டவே செய்யும். முதல் நாள் இரவு எண்ணெய் குறைவாக இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று வயிறு ஏற்கும் எதையும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். இலேசான உணவுக்கும் அறுவைக்கும் இடையே 6 மணி நேரம் இருக்க வேண்டும்; தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம் என்பது பல ஆண்டுகளாக ஏற்கப்பட்ட நெறி. தண்ணீரும், வழுக்கை இல்லாத இளநீரும், பால் சேர்க்காத டீயும் தெளிந்த நீர்மம். பால் கலந்த காபி, மோர், கஞ்சி ஆகியவை அதில் சேரா. 'இரவு 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது' என்று இன்னும் பல இடங்களில் சொல்கிறார்கள். உங்கள் அறுவை நண்பகலில் என்றால் காலையில் எதுவரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தைக் கடைப்பிடியுங்கள். மருத்துவமனைக்குக் காரில் போவதாக இருந்தால் முன் இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள். முந்தின இரவே சேர்ந்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

அரங்குக்குள் நீங்கள் விழித்திருக்கும் நேரம் மிகவும் குறைவு. குளிராக இருக்கும், ஒரு போர்வை கேளுங்கள். விரலில் ஒரு கிளிப், கையில் இரத்த அழுத்தப் பட்டை, மார்பில் மூன்று ஸ்டிக்கர்கள். முகத்தருகே பிராணவாயு முகமூடியை வைக்கும்போது சிலருக்கு மூச்சடைப்பதாகத் தோன்றும். நீங்களே கையில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பதற்றம் தாங்கவில்லை என்றால் மிடசோலம் ஊசி சிறிதளவு கொடுப்பார்கள், அது குமட்டலையும் சற்றுக் குறைக்கும். புரோபோஃபால் போகும்போது கையில் ஓர் எரிச்சல் தெரியும், ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். மூச்சுக்குழாயில் குழாய் வைப்பதும், தேவைப்பட்டால் இரைப்பைக்குள் ரைல்ஸ் டியூப் இட்டுக் காற்றையும் நீரையும் எடுப்பதும் அதற்குப் பிறகுதான். உங்களுக்கு எதுவும் தெரியாது. மூச்சுக்குழாயில் வைத்த குழாயைச் சுற்றி ஒரு சிறு பலூன் ஊதப்பட்டிருக்கும். மயக்கத்தில் எதுவும் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடாமல் அது காக்கும். 'மயக்கத்திலேயே வாந்தி வந்து மூச்சு அடைத்துவிட்டால்' என்று நீங்கள் எழுதியிருக்கும் அச்சத்துக்கு இதுதான் விடை.

கண் விழிக்கும்போது தொண்டை கரகரப்பாக இருக்கும், வாய் உலர்ந்திருக்கும். தொண்டையில் ஏதோ இருப்பதுபோன்ற இந்த உணர்வைக் குமட்டல் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். குழாய் இருந்த இடத்தின் உறுத்தல் அது. வயிற்றை விரிக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு சிறிது எஞ்சி, தோள்பட்டையில் ஒரு வலியைத் தரும், அதுவும் இயல்பே. முதல் மணி நேரங்களில் தலையை வேகமாகத் திருப்பாதீர்கள். ஸ்ட்ரெச்சரை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். கூரையில் ஓடும் விளக்குகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கினால் பொறுத்துப் பார்க்காமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே தந்த மருந்தையே 6 மணி நேரத்துக்குள் திரும்பத் தருவதில் பலன் குறைவு, வேறு வகை மருந்தைத்தான் தர வேண்டும். இதை உங்களுடன் இருக்கும் உறவினரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே வைத்து மெதுவாக மோந்து பார்ப்பது குமட்டலைத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அருகிலேயே இருக்கும் பொருள், செலவும் இல்லை. மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் அழுத்துவதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பலன் தருவதாகத் தெரிகிறது. நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணும்வரை வெளிவிடுவதையும் இப்போதே வீட்டில் பழகி வையுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல.

அப்படியும் வாந்தி வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நேராகப் பார்த்துவிடுவோம். வயிறு காலியாக இருப்பதால் வருவது சிறிதளவு நீரும் மஞ்சள் பித்தமும்தான். செவிலியர் கிட்னி ட்ரேயைக் கன்னத்தருகே பிடிப்பார், உங்களை ஒருக்களித்துப் படுக்க வைப்பார். சில நொடிகளில் முடியும். முடிந்தவுடன் பெரும்பாலானோருக்கு வயிறு இலேசாகிவிடும். வயிற்றில் ஒரு தலையணையை வைத்துக் கையால் அணைத்துக்கொண்டால் துளைகளில் வலி குறையும். லேப்ராஸ்கோபியின் துளைகள் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவுள்ளவை. ஓரிரு முறை ஓங்கரித்தால் தையல் பிரிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அங்கிருப்பவர்களுக்கு அது அன்றாட வேலை. உங்களை யாரும் முகம் சுளித்துப் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் உடனிருப்பவராக, பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். 'ஐயோ, குமட்டுதா, குமட்டுதா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் அன்பானவரைக் காட்டிலும், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை நனைத்துவிடுபவர் அன்று உங்களுக்குப் பெரிய துணை.

தண்ணீரை ஒவ்வொரு மிடறாகத் தொடங்கி, அது தங்கினால் கஞ்சி, இட்லி என்று போகலாம். குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தத் தேவையில்லை. வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு நாள் தாளிப்பு வாசனையும் மீன் பொரிக்கும் வாசனையும் எட்டாத அறையில் படுங்கள். நாக்கில் வைத்தால் கரையும் ஒண்டான்செட்ரான் மாத்திரை நான்கைந்தை மருந்துச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது மலச்சிக்கலையும் தலைவலியையும் தரக்கூடும் என்பதால் தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொண்டால் போதும், முன்னெச்சரிக்கையாக வேளைக்கொன்று விழுங்க வேண்டாம். மயக்க மருந்தினால் வரும் குமட்டல் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரு நாளுக்குப் பிறகும் வாந்தி தொடர்ந்தாலோ, பச்சையாக வந்தாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, வலி குறைவதற்குப் பதில் கூடினாலோ, காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தாலோ அதை அச்சத்தின் கணக்கில் சேர்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, இரவில் அழைத்தால் எடுக்கும் பணி மருத்துவரின் எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் கைபேசியிலும் உடனிருப்பவரின் கைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள்.